இரண்டு மணித்தியாலத் தரிப்பு

கேதீஸ்வரன் இறந்து ஐந்து மாதம் கழிந்த பிறகு அவருடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது.

இறந்தவருக்குக் கடிதம் வருவது அவருடைய மனைவி நிரஞ்சினிக்குப் புதிதில்லை. வங்கி, டெலிபோன், மின்சாரம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் மரணச் சான்றிதழின் பிரதியை அனுப்பி, அவருடைய பெயரை ஒவ்வொன்றாக எடுப்பித்துக்கொண்டு வந்திருந்தாள். ஓகஸ்ட் பிறந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வந்து, தூறல் மழைக்குள் தபால் பெட்டியைத் திறந்தவள், அந்தப் பெயரைக் கண்டதும் உள்ளே போகவும் தோன்றாமல் அங்கேயே நின்று கடிதத்தைப் பிரித்தாள்.

கார் பார்க்குகளை நடத்தும் ஒரு தனியார் கம்பனியின் கடிதம். மார்ச் பதினைந்தாம் திகதி டண்டினோங்கில் ஒரு சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காரை நிறுத்தியிருக்கிறீர்கள், அதற்கு எண்பத்தெட்டு டொலர் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கார்க் கண்ணாடியில் வைத்த கட்டணத் துண்டுக்குப் பதில் வராதபடியால் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி, வாகனப் பதிவிலிருந்து உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்திருக்கிறோம் என்றும் கீழே இருந்தது.

மார்ச் பதினைந்து. நிரஞ்சினி திகதியை மூன்று தரம் வாசித்தாள். அவர் செத்த நாள் அது. செத்த இடமும் அந்தக் கார் பார்க்தான்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கார், பழைய வெள்ளைக் கம்ரி. கேதீஸ்வரன் பிஸ்கற் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து, கோப்பியைக் குடித்துவிட்டு, நிரஞ்சினியைக் கொண்டுபோய் எட்டேகாலுக்கு அவள் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இறக்குவார். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பி, மூன்று மணிக்குத் திரும்ப வந்து ஏற்ற வேண்டும். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டார். இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் நிரஞ்சினி ஒரு மணித்தியாலம் வாசலில் நின்றாள். அன்று அவள் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு மனுசன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த சுப்பர்மார்க்கெட்டின் கார் பார்க்கில் காரை விட்டு, பாணும் பாலும் வாங்கிவிட்டு, சீற்றைச் சரித்து அங்கேயே கண்ணயர்வார். இரண்டு மணித்தியாலம் ஆகுமுன், டெலிபோனில் அவர் வைத்த மணி அடிக்கும். எழும்பிக் காரை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டு மறுபடி படுப்பார்.

"வீட்டை போய்ப் படுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? இடுப்பு முறியப்போகுது" என்று அதற்கும் அவள் ஏசுவாள்.

"ஓம், ஓம்" என்பார். அதோடு சரி.

மார்ச் பதினைந்து, செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு அவர் வரவில்லை. பதினொரு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை. 'எங்கேயோ நல்லாப் படுத்துக் கிடக்குது மனுசன்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டில் கோபத்தோடு கறி வைத்தாள். அவருக்கென்று ஒரு கோப்பையில் எடுத்து மூடி வைக்கிற வழக்கத்தைக்கூட அன்று வேண்டுமென்றே செய்யாமல் விட்டாள். ஆறு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர் கதவைத் தட்டினார்கள். ட்ரொலிகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போன ஒருவன், மூன்றே முக்காலுக்குக் கண்டு சொல்லியிருக்கிறான். மாரடைப்பு. ஒரு நொடியில் போயிருக்கும், நோவு தெரிந்திருக்காது என்று டொக்டர் சொன்னார். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டதற்கு, மத்தியானத்தை ஒட்டி இருக்கலாம், திட்டமாகச் சொல்ல முடியாது என்றார்.

காரை மறுநாள் எடுத்து வந்தவர் கேதீஸ்வரனின் சிநேகிதர் இரத்தினசிங்கம். கடிதம் வந்த அன்று நிரஞ்சினி அவரிடம் விசாரித்தாள்.

"ஓம் தங்கச்சி, கண்ணாடியிலை ஒரு துண்டு கிடந்தது. மழைக்கு ஊறிப்போய் இருந்தது. விளம்பரமாக்கும் எண்டு நான் அங்கையே எறிஞ்சிட்டன்" என்றார் அவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு யாருக்கு என்ன கண் தெரிந்தது?

மகள் கௌசிகா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் போட்டாள்.

"இது ரியல் ஃபைன் இல்லை அம்மா. கவுன்சில், பொலிஸ் போடுறதுதான் ஃபைன். இது பிரைவேட் கொம்பனி சும்மா அனுப்புற பில். ஒருத்தரும் கட்டுறேல்லை. ஜஸ்ட் இக்னோர் இற். குப்பையிலை போடுங்கோ."

"அப்பான்ரை பேரைக் குப்பையிலை போடச் சொல்லுறியோ?"

"ஐ டிடின்ற் மீன் தற்."

"இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருசம். ஒரு டிக்கற் வாங்கினவரோ உன்ரை கொப்பர்? மணி அடிச்ச உடனை எழும்பிக் காரை மாத்துற மனுசன். அவர் வேணுமெண்டு கூட நேரம் நிண்டவர் எண்டு எழுதியிருக்கிறாங்கள். அது பொய் எண்டு அவங்கள் எழுதித் தரவேணும். எனக்கு அவ்வளவுதான்."

கௌசிகா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்க் கம்பியூட்டரைத் திறந்தாள். காரின் சொந்தக்காரர் அன்றைக்கு அதே காருக்குள் இறந்துபோனார், ஆகவே இந்தக் கட்டணத்தை நாங்கள் மறுக்கிறோம் என்று அரைப்பக்கம் எழுதினாள். மரணச் சான்றிதழின் பிரதி ஒன்றும் வைத்தார்கள். மறுநாள் நிரஞ்சினி வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அன்று கௌசிகாதான் முதலில் வீட்டுக்கு வந்திருந்தாள். நிரஞ்சினி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மகள் அறைக்குள்ளிருந்து சொன்னாள்:

"அம்மா, அந்தக் காசை நான் கட்டிவிடுறன். என்ரை பார்ட் டைம் காசு இருக்கு."

"ஏன்? என்ன எழுதியிருக்கிறாங்கள்?"

"ஒண்டுமில்லை. லெற் இற் கோ அம்மா."

குப்பையில் போடச் சொன்ன பிள்ளை இப்போது கட்டுகிறேன் என்கிறாள். நிரஞ்சினி அறை வாசலில் போய் நின்றாள். கௌசிகா கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தலையணைக்குக் கீழே கடித உறையின் விளிம்பு தெரிந்தது.

"தா பிள்ளை."

"ப்ளீஸ் அம்மா. பாக்காதேங்கோ."

"தா எண்டு சொல்லுறன்."

பதில் ஆறே வரிதான். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். ஆயினும், எங்கள் பதிவின்படி, துண்டு வைக்கப்பட்ட நேரத்தில் சாரதி வாகனத்துக்குள்தான் இருந்தார். வாகனத்தை அகற்றும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆகவே உங்கள் மறுப்பை ஏற்க முடியவில்லை. ஆதாரமாகப் படங்களை இணைத்திருக்கிறோம்.

சாதாரணத் தாளில் அச்சடித்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். மூலையில் நேரம் இருந்தது. முதல் படம் காலை ஒன்பது நாலு. காரை முன்பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கேதீஸ்வரன் நிமிர்ந்து இருந்தார். ஒரு கையில் கடித்த பணிஸ். படம் எடுப்பவரை நேரே பார்த்து, கன்னம் உப்ப, சிரிப்பதுபோல் இருந்தார்.

இரண்டாவது படம் பதினொன்று இருபத்தொன்று. வைப்பருக்குக் கீழே வெள்ளைத் துண்டு. துண்டுக்குப் பின்னால் அவருடைய தலை யன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

நிரஞ்சினி கட்டிலின் விளிம்பில் இருந்தாள். இவ்வளவு நாளும் அவள் மனதில் ஒரு நொடிதான் இருந்தது. டொக்டர் சொன்ன ஒரு நொடி. அந்த நொடிக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். இப்போது தெரிகிறது, ஒரு ஆள் நின்றிருக்கிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில். அவன் படமும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"கண்ணாடியிலை ஒருக்காத் தட்டியிருந்தா..." என்றாள் கௌசிகா.

அந்தச் சனிக்கிழமை நிரஞ்சினி அந்தக் கார் பார்க்குக்குப் போனாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதில்லை. பஸ்ஸில்கூட அந்தச் சந்தி வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ட்ரொலிகள் கடகடத்தன. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சனங்கள் போனார்கள். எந்த இடத்தில் கார் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. படத்தைப் பிடித்துப் பார்த்து, பின்னால் தெரிந்த மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் வைத்துக் கண்டுபிடித்தாள். அந்த இடத்தில் இப்போது ஒரு சிவப்புக் கார் நின்றது.

அவள் அங்கே நிற்கும்போது, மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் கையில் சின்ன மிஷினோடு வரிசை வரிசையாகக் கார்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியின் இரு பக்கமும் நரைத்திருந்தது. நிரஞ்சினி அவர் முன்னால் போய்ப் படத்தை நீட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "இதை எடுத்தது யார்?"

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மிஷின் பிடித்த கை கீழே இறங்கியது.

"நீங்க அவரோட வீட்டுக்காரம்மாங்களா?" என்று தமிழில் கேட்டார்.

நிரஞ்சினி தலையாட்டினாள்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றார் அவர்.

அவர் பெயர் வாசுதேவன். சொந்த ஊர் ஈரோடு. மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய விசாவில் கூட வந்தவர். ஊரில் மில் ஒன்றில் கணக்கு மனேஜராக இருந்தவருக்கு இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நிரஞ்சினி கேட்டுக்கொண்டு நின்றாளே ஒழிய ஒன்றும் மனதில் தங்கவில்லை. ட்ரொலி விடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. அவளை அதில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"அடுத்த நாள் வேலைக்கு வந்தப்பதான் சொன்னாங்க, இங்க ஒருத்தர் கார்லயே இறந்துட்டாருன்னு. எந்தக் கார்னு கேட்டேன். வெள்ளைக் கேம்ரின்னாங்க. அப்பவே யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. உங்களைத் தேடி வரணும்னு நினைச்சேன். வந்து என்னன்னு சொல்றது?"

"காலமை அவரோடை கதைச்சனீங்களோ?"

"பேசினேங்க. நெத்தியில திருநீறு பாத்துட்டு தமிழான்னு கேட்டேன். ஓம்னு சொன்னார். வந்த நேரம் தெரியறதுக்குப் படம் எடுக்கிறது வழக்கம், தப்பா நினைக்காதீங்கன்னேன். எடும் எடும்னு சிரிச்சார். பன்னு ஒண்ணு எடுத்து எனக்கும் நீட்டினார். வேலை நேரத்துல வேணாம்னுட்டேன். ரெண்டு மணி நேரந்தான் சார்னு சொன்னேன். அதுக்குள்ள எடுத்திடுவன்னார்."

"வேறை என்ன சொன்னவர்?"

"கார்ல தூங்கினது தெரிஞ்சா மனுசி ஏசும், நீர் சொல்லிக் குடுத்திடாதயும்னு சொன்னார். விளையாட்டாத்தாங்க சொன்னார்."

"ஓம். ஏசுவன்" என்றாள் நிரஞ்சினி.

ஒரு பெண் ட்ரொலியைக் கொண்டுவந்து மோதவிட்டுப் போனாள்.

"பதினொண்டு இருபதுக்கு ஏன் தம்பி எழுப்பேல்லை?"

"அன்னைக்கு சூப்பர்வைசர் வந்திருந்தார், அக்கா. அதுக்கு முந்தின வாரம், நீ துண்டே எழுத மாட்டேங்கறன்னு எனக்கு வார்னிங் குடுத்திருந்தாங்க. அவர் அந்தக் கடைசியில நின்னு பாத்துட்டிருக்கார். நான் விட்டுட்டுப் போக முடியல. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்திருக்கார்னு எனக்குத் தெரியும், காலையிலயே சொன்னார். அதான், தூங்கறவரை எழுப்ப வேணாம்னு..." அவர் இரண்டு விரலால் வைப்பரை இறக்குவதுபோல் காட்டினார். "எழுப்ப வேணாம்னு மெதுவா வச்சேங்க. வைப்பர் சத்தம் போடாம."

நிரஞ்சினி படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்த கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் போக அவளால் முடியவில்லை.

"அப்ப மூச்சு இருந்ததோ?"

"தெரியாதுங்க அக்கா. சத்தியமாத் தெரியாது. முகத்தைப் பாக்கலை. முகத்தைப் பாத்தா எழுத முடியாதுன்னு நம்பர் பிளேட்டை மட்டும் பாத்தேன்."

அவர் அழுதார். கார் பார்க்கில் போய் வருகிற சனம் திரும்பிப் பார்த்தது. நிரஞ்சினிக்கு அழுகை வரவில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவற்றில் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை. படத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"போட்டு வாறன்" என்று விடைபெற்றாள். அதைச் சொன்ன பிறகுதான், இந்த ஆளிடம் போட்டு வாறன் என்று ஏன் சொன்னோம் என்று யோசித்தாள்.

வீட்டில் நடந்ததைக் கேட்டதும் கௌசிகா கொதித்துப் போனாள்.

"ஹீ லெஃப்ற் ஹிம் தெயர்! அந்த ஆளின்ரை பேரைப் போட்டு எழுதுவம் அம்மா. பேப்பருக்குக் குடுப்பம். வேலை போகட்டும்."

"பேர் வேண்டாம்."

"ஏன்?"

"அந்த மனுசன் மெதுவாத்தான் வச்சவர்" என்றாள் நிரஞ்சினி. மகளுக்கு அது விளங்கவில்லை. சொன்ன அவளுக்கே அது முழுதாக விளங்கியதாகச் சொல்ல முடியாது.

"அப்ப என்ன எழுத?"

நிரஞ்சினி தமிழில் சொன்னாள், கௌசிகா ஆங்கிலத்தில் எழுதினாள். நீங்கள் சொல்வது சரி, சாரதி வாகனத்துக்குள்தான் இருந்தார். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் அவர் இறந்துகொண்டிருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். எது என்று எங்களுக்குத் தெரியாது. அவர் எப்படிக் காரை எடுத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

இந்தத் தடவை பதிலுக்கு மூன்று கிழமை எடுக்கவில்லை. ஐந்தாம் நாளே ஒரு பெண் டெலிபோன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்டாள். முதல் பதில் எழுதினவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றாள். பின்னால் கடிதமும் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் கட்டணத்தைக் கைவிடுகிறோம், இந்த விடயம் இத்தோடு முடிந்தது.

"வீ வொன், அம்மா" என்றாள் கௌசிகா. சந்தோசமாகச் சொல்லவில்லை.

அவர் பிழை செய்யவில்லை என்று அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. நல்லெண்ணம் என்றுதான் இருந்தது. நிரஞ்சினி அதற்கு மறுபடி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அந்த ஆசை தானாகவே விட்டுப்போயிற்று. இப்போது அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. ஒன்பது நாலுக்கு எடுத்த படம். கடைசி வருடங்களில் அவரை யாரும் தனியாகப் படம் எடுத்ததில்லை. கலியாண வீடுகளில் எடுத்தவற்றில் எல்லாம் நாலு பேருக்குப் பின்னால் நிற்பார். செத்தவீட்டுக்கு வைத்த படம்கூடப் பத்து வருடத்துக்கு முந்திய பாஸ்போர்ட் படம். இந்தத் தாளில் இருப்பவர் அன்று காலை அவளை இறக்கிவிட்டுப் போன அதே மனுசன். போட்டிருந்த அதே சேட், அதே நரை.

"அந்தப் படத்தை நல்ல பெரிசா, கலரிலை அனுப்பச் சொல்லிக் கேளன். காசு எண்டாலும் குடுப்பம்" என்றாள் மகளிடம்.

கௌசிகா மறு பேச்சில்லாமல் மின்னஞ்சல் போட்டாள். அன்றைக்குப் பின்னேரமே, டெலிபோனில் பேசிய அதே பெண் பதில் எழுதியிருந்தாள். மிகவும் வருந்துகிறேன், ஒரு விடயம் முடிந்தால் அதற்குரிய படங்களை நாங்கள் அழித்துவிடுவது வழக்கம், போன வெள்ளிக்கிழமை அவை அழிக்கப்பட்டுவிட்டன.

கௌசிகா அதைத் தமிழில் சொல்ல இரண்டு தரம் முயன்றாள். பிறகு திரையைத் தாயின் பக்கம் திருப்பினாள். நிரஞ்சினி எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள்.

"நாங்கள் விடாமல் சண்டை பிடிச்சுக்கொண்டே இருந்திருந்தா, வச்சிருந்திருப்பாங்கள். என்ன?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை அம்மா."

மிஞ்சியிருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். கௌசிகா அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து வந்தாள். தாயும் மகளும் குசினி மேசையில் கம்பியூட்டருக்கு முன்னால் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். கௌசிகா படத்தைக் கொஞ்சம் பெருப்பித்தாள். முகம் கிட்ட வந்தது. நெற்றித் திருநீறு ஒரு வெளிறிய கோடாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பெருப்பித்தாள். கண் எது, புருவம் எது என்று பிரியாமல் முகம் முழுவதும் கறுப்புப் புள்ளிகளாகச் சிதறியது.

"காணும், பிள்ளை. குறை" என்றாள் நிரஞ்சினி.

கௌசிகா குறைத்தாள். கட்டைவிரல் நகமளவுக்கு வந்தபோது அது மறுபடியும் அவராயிற்று. அந்த அளவிலேயே அவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.